ஐந்நூற்றுப் பன்னிரண்டு

பிரிம்லி வீதி வங்கியில் மாரிசெல் என்ற பெண்
திரையை என் பக்கம் திருப்பினாள்,
நோயாளிக்கு எக்ஸ்ரே காட்டுகிறவள் மாதிரி.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
எத்தனைக்கு என்று கேட்டேன்.
தொள்ளாயிரத்துக்கு.
பள்ளிக்கூடத்தில் இது பாஸ் மார்க்.
இங்கே முந்நூறிலிருந்துதான்
எண்ணவே தொடங்குவார்களாம்.

பதினொரு வருசம் யசோமலர் அக்காவின் சீட்டில்
என் பெயர் ஏழாவது.
மாதத்து முதல் ஞாயிறு ஐந்நூறு டொலர்.
முழங்கால் மட்டும் பனி கிடந்த நாளிலும்
பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன்.
முதற் சீட்டை எடுத்த இரண்டு பேர்
தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டு மறைந்த வருசமும்
நான் நிறுத்தவில்லை.
அக்காவின் பச்சைக் கொப்பியில்
என் பெயருக்கு நேரே சிவப்பு மை இல்லை.

வங்கிக் கணினி அந்தக் கொப்பியைப் படித்ததில்லை.
அது படித்தது ஒரு மோடத்தை.

பேஸ்மென்ட் மாறிய கிழமை
திருப்பிக் கொடுக்க மறந்த கறுப்புப் பெட்டி.
நூற்றெண்பத்தேழு டொலர்.
கடிதங்கள் பழைய கதவுக்கே போய்க்கொண்டிருந்தன.
பேந்து, பேக்கரியில் ஆள் குறைத்த ஐந்து மாதம்
கார்டில் அரிசி, கார்டில் பஸ் காசு,
மகனுக்குக் கண்ணாடி.
சீட்டுக் காசையும் அதிலேயே இழுத்தேன்.
கடைசியில் ஒரு கார்டால் மற்றதைக் கட்டினேன்.
இதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மோடம் இப்பவும் இருக்கிறது,
பனிச் சப்பாத்துப் பெட்டிக்குள்.

ஐந்நூறு டொலரை நீங்கள் இங்கே வையுங்கள்,
ஐந்நூறுக்கு ஒரு கார்ட் தருகிறோம் என்றாள் மாரிசெல்.
என் காசை எனக்கே கடனாகவா?
நான் சிரித்தேன்.
கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள்.

சும்மா வைத்திருக்கக் கூடாதாம்.
நூற்றைம்பதுக்கு மேலே போகவும் கூடாதாம்.
கலியாண வீட்டுப் பந்தியில்
இரண்டாம் தரம் சோறு கேட்கிற மாதிரி:
வேண்டும்,
ஆனால் பசி முகத்தில் தெரியக் கூடாது.

நான் பால் மட்டும் வாங்கினேன்.
சம்பளம் விழுந்த அன்றைக்கே கட்டினேன்.
மோடத்துக்கும் கட்டினேன்.
கட்டி முடித்த கடனுக்கும் துடக்கு உண்டு, ஆறு வருசம்.
செத்த வீட்டுக்கே
முப்பத்தொரு நாள்தான்.

ஐந்நூற்று முப்பத்தெட்டு.
ஐந்நூற்று அறுபத்தொன்று.
ஒரு சனிக்கிழமை கடைக்காரப் பெடியன்
பதினைந்து வீதம் கழிவு, புதுக் கார்ட் எடுங்கோ என்றான்,
ஓம் என்றுவிட்டேன்.
கார்டும் தரவில்லை,
ஒன்பது புள்ளியும் போனது.

பதினேழாம் மாதம்,
இரவு வேலையில், பாண் தட்டுகள் ஆறுகிற நேரம்,
மா ஒட்டிய விரலால் தொட்டுத் திறந்தேன்.
அறுநூற்று நாற்பத்தேழு.
பக்கத்தில் ஆருமில்லை.
இயந்திரம் பாணை வெட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு சீட்டுக் காசோடு போனேன்.
அக்கா வழமை போல எண்ணினா, எழுதினா,
பிறகு கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூட வந்தா.
செருப்போடு. பனிக்குள்.
காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டா:
"உன்ர ஸ்கோர் ஏறினதெண்டு சொல்லுகினம்.
எப்பிடி?"

உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
வயதைச் சொல்லுகிற மாதிரி
யன்னல் பக்கம் பார்த்துச் சொன்னா:
நானூற்றெண்பத்தொன்பது.

ஹீற்றரைக் கூட்டினேன்.
கண்ணாடியில் மூச்சு படிந்தது, கலைந்தது.
அந்த இரண்டு பேர் மறைந்த வருசம்,
"கொப்பியிலை குறை வரக்கூடாதெண்டு
என்ர நாலு கார்டிலையும் எடுத்து நிரப்பினனான்" என்றா.

அந்த வருசம் ஏழாம் மாதம்
எனக்குச் சீட்டு விழுந்தது.
ஐந்நூறு ஐந்நூறாய் ரப்பர் வளையம் போட்டு,
ஒரு டொலர்
குறையாமல்.