பதினேழாம் தூண்

கீறல் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் தொடங்கி
ஆறைத் தொடாமல் நின்றுவிடுகிறது.
நகம் வைத்தால் தெரியும்.
நிழலில் கிடையாது.
மஸ்ஜிட் ஜாமேக் தாண்டி எல்ஆர்டி
சுரங்கத்தை விட்டு வெயிலுக்கு ஏறுகிற சில நொடிகள்
கண்ணாடியில் ஒரு முடி ஒட்டியிருப்பதுபோல் எழும்.
இரண்டு வருடமாக
அதை ஊதிவிடப் பார்க்கிறேன்.

பதவி உயர்வு கிடைத்த மாதம் வாங்கியது.
வீட்டில் விலை சொன்னபோது
இரண்டாயிரம் வெள்ளி குறைத்துத்தான் சொன்னேன்.
அப்படியும் கோதை
அரிசி களைந்த கையை உதறிவிட்டுச்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
'இதுவும் அதே ஏழே காலைத்தானே காட்டுது?'

கீறியது யாரென்று எனக்குத் தெரியும்.
எங்கள் கொண்டோவின் இரண்டாம் அடித்தளத்தில்
பதினேழாம் தூண்.
கார்க் கதவைத் திறந்தால் கை இடிக்கிற தூரம்.
நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன், படத்தோடு.
பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன்.
ஆண்டுக் கூட்டத்தில்
மின்தூக்கிப் பிரச்சினைக்கும் குப்பைப் பிரச்சினைக்கும் இடையில்
எழுந்து நின்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன்.
செயலாளர் என்சிக் ருஸ்லான் களைத்துப்போய்
மஞ்சளும் கறுப்புமாக ரப்பர் பட்டை சுற்றிவிட்டார்,
அந்த ஒரு தூணுக்கு மட்டும்.

புக்கிட் பிந்தாங், நாலாம் மாடி.
வெள்ளைக் கையுறை போட்ட பெண்,
பெயர்ப்பட்டையில் இங் பெய் ஷான்.
ஒரு கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு
பல் மருத்துவர் மாதிரி நெடுநேரம் 'ம்' கொட்டினாள்.
தேய்த்து எடுக்க முடியாது, இது சபையர்.
மாற்றினால் ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி,
தண்ணீர் புகாத வளையத்தோடு சேர்த்து.
ஆறு வாரம் ஆகும்.
பழைய கண்ணாடியைத் திருப்பித் தர மாட்டோம்.

சிமெண்டுத் தூண், என்றேன் கடைசியில்.
அவள் லென்ஸைக் கழற்றினாள்.
'சிமெண்டா? சிமெண்டுக்குத்தான் வலிக்கும் லா.
இதைக் கீற வைரம் வேண்டும்.
உங்கள் வீட்டில் வைரம் இருக்கிறதா?'

என் வீட்டிலா?
கார்க் கடன் இருக்கிறது,
இன்னும் பதினெட்டு வருடம் வீட்டுக் கடன் இருக்கிறது.
இல்லை என்று சொல்லி
விலைச்சீட்டை மடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது இடம் கிடைத்தும் உட்காரவில்லை.
கை குலுக்கியவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினேன்.
மேலாளரின் மோதிரம் பச்சைக்கல்.
தணிக்கைக்கு வந்த டத்தோவோடு
நான் கையே குலுக்கவில்லை.
பாசார் செனியில் ஓர் அம்மாள் ஏறினார்,
கொத்தமல்லிக் கட்டும் ஈரக் குடையுமாக.
ஏறியதும் தும்மினார்.
மூக்கில் ஒரு புள்ளி மின்னி அடங்கியது.

கோதை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
நான் அவள் முகத்தை, முகத்தின் இடப்பக்கத்தை,
பார்த்த விதத்திலேயே புரிந்துவிட்டது போல.
மடிப்பதை நிறுத்தவில்லை.
'தெரியும்' என்றாள்.
'எப்போதிருந்து?'
'மறுநாள் காலையிலேயே.
சொல்லலாம்னு வர்றதுக்குள்ள
நீங்க தூணோடு சண்டைக்குப் போயிட்டீங்க.'

எந்த இரவின் மறுநாள் என்று கேட்கவில்லை.
எனக்கே இரண்டு இரவுகள் நினைவுக்கு வந்தன.
ஒன்றில் அவள் என் கைமேல் முகத்தைப் புதைத்து
விடியும்வரை அழுதாள்.
மற்றதை இங்கே எழுதுவதற்கில்லை.

விலைச்சீட்டு முப்பது நாளைக்குச் செல்லும்.
குளிர்பெட்டிக் கதவில், பினாங்கு காந்தத்தின் கீழே
இருபத்தாறு நாள் போய்விட்டது.
அந்தக் காசுக்கு நாலு டயரும் மாற்றலாம் என்று
ஒரு கணக்கும் ஓடுகிறது.
'மாத்திக்கோங்க, எனக்கென்ன' என்கிறாள்.
'மூக்குத்தி எங்கேயும் போகலையே.'

இன்று காலை காரை எடுக்கப் போனபோது
தூணின் ரப்பர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.
பையைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
ஒட்டுநாடா வாங்க வேண்டும், அகலமானது.