ஜூலை பத்து

காலைக் கூட்டத்தில் "இன்றைய நாள்" வாசிக்க
இந்த வாரம் எங்கள் வகுப்பு.
வெள்ளிக்கிழமை என் முறை.
வெள்ளி என்றால் ஜூலை பத்து.
ஜூலை பத்து என்றால் என் பிறந்தநாள்!

"இரண்டே நிமிஷம் முபீனா" என்றார் ஹெலன் டீச்சர்.
தாண்டினால் விசில்.
விசில் பி.டி. சார் கழுத்தில்.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம்,
நாளுக்கு ஒரு பக்கம்.
திறந்ததும் முதலில் தும்மல் வந்தது,
தகவல் அப்புறம்தான் வந்தது.

1913. அமெரிக்காவில்
மரணப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம்.
ஐம்பத்தாறு டிகிரியும் சில்லறையும் வெயில்.
உலகத்திலேயே அதிகமாம்.
படித்ததும் தோற்றுப்போன மாதிரி இருந்தது.
பின்னே,
மே மாசம் எங்கள் சத்துவாச்சாரி
எதற்கு அவ்வளவு பாடுபடுகிறது?

1962. டெல்ஸ்டார் பறந்தது.
கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தை
இந்தப் பக்கம் தள்ளிவிட்ட செயற்கைக்கோள்.
எங்கள் மொட்டைமாடி டிஷ்ஷுக்குக் கொள்ளுத்தாத்தா.

1856. நிகோலா டெஸ்லா பிறந்தார்.
மின்சாரத்தோடு மல்லுக்கட்டியவர்.

1949. சுனில் கவாஸ்கர் பிறந்தார்.
இது பி.டி. சாருக்காகச் சேர்த்தது.
விசில் கொஞ்சம் தாமதமாகும் பாருங்கள்.

பக்கத்தின் அடியில்,
எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரே ஒரு வரி:
1806. வேலூரில் சிப்பாய்கள் எழுந்தனர்.

எங்கள் ஊர்!
அத்தனை பெரிய புத்தகத்தில்
எங்கள் ஊருக்கு ஆறங்குல இடம்கூட இல்லை.

மக்கான் சிக்னல் தூணைத் தினமும் பார்க்கிறேன்.
"தூண்கிட்ட நிறுத்துங்க" என்று
ஆட்டோக்காரரிடம் சொல்வதற்கான தூண்
என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொரு புத்தகம், இன்னொரு தும்மல்.

தாடியை மழி என்றார்களாம்.
நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது,
புதுத் தொப்பியைப் போடு என்றார்களாம்.
மாட்டேன் என்றவர்களுக்குச் சவுக்கடி.
ஓர் இரவு, விடிவதற்கு வெகு முன்னே,
கோட்டைக்குள் துப்பாக்கிகள் விழித்தன.
இரண்டு பக்கமும் செத்தார்கள்.
வேறு கொடி ஏறியது.
வெயில் ஏறுவதற்குள்
ஆற்காட்டிலிருந்து குதிரைகள் வந்துவிட்டன.
கொடி இறங்கியது.
சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள்.

டெஸ்லாவுக்குப் பிறந்தநாள் தெரியும்.
எனக்கும் தெரியும்.
அவர்களுக்கு?

கணக்கு சாரிடம் போனேன்.
"முந்நூற்றைம்பது பேர் இருந்தால் சார்,
ஒருத்தராவது ஜூலை பத்தில் பிறந்திருப்பாரா?"
கண்ணாடியைக் கழற்றினார்,
சாக்பீஸை உருட்டினார்.
"வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கும்மா.
நிச்சயம் என்று சொல்ல முடியாது."

வெள்ளிக்கிழமை.
மைக் முன்னால் நின்றேன்.
வெயிலைச் சொன்னேன், கோளைச் சொன்னேன்.
"மின்சாரத்தோடு மல்லுக்கட்டிய டெஸ்லா" என்றேன்,
கரண்ட் போனது.

பள்ளிக்கூடமே சிரித்தது.
ஹெலன் டீச்சர்கூட
வருகைப் பதிவேட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

மிச்சத்தைத் தொண்டை கிழியக் கத்தினேன்.
கவாஸ்கருக்கு சார் தலையாட்டினார்.
கோட்டைக்கு வந்தபோது
கத்த வேண்டியிருக்கவில்லை.
அவ்வளவு அமைதி.

கடைசி வரியாக எழுதி வைத்திருந்தது:
"இன்று ஆறாம் வகுப்பு முபீனாவும் பிறந்தாள்."
வாயில் வந்ததோ வேறு:
"அந்தச் சிப்பாய்களில் ஒருவருக்கும்
இன்று பிறந்தநாளாக இருக்கலாம்.
நிச்சயமில்லை. பெயரும் தெரியவில்லை."

விசில்.

"உன்னுதை ஏன்டி சொல்லலை?" என்றாள் குணவதி.
சாக்லேட் டப்பாவைத் திறந்து காட்டினேன்.
அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் டப்பாவில் மிச்சம் ஒன்று.
மக்கான் சிக்னலில் சிவப்பு விழுந்தது.
தூண் நின்றது, ஆட்டோவும் நின்றது.
அவருக்கு என்றுதான் எடுத்தேன்.
ஆனால் எங்கள் ஊர் வெயில் உங்களுக்கே தெரியும்,
உறைக்குள்ளேயே உருகத் தொடங்கிவிட்டது.

பச்சை விழுவதற்குள்
அவருக்கும் சேர்த்து
நானே தின்றுவிட்டேன்.