அடிப்பக்கம்

செட்டிகாம்ப்பில் எல்லோரையும் எனக்கு
அடியிலிருந்துதான் தெரியும்.
குழிக்குள் நின்று அண்ணாந்தால்
ஒவ்வொரு வண்டியாக
மேலே வந்து நிற்கிறது ஊர்.
கடற்கரைப் பக்கமே போவதில்லை என்கிற தபால்காரரின்
பின் அச்சில் பாசி காய்ந்திருக்கும்.
பாதிரியாரின் சைலன்சரைக்
கர்த்தரும் ஒரு துண்டுக் கம்பியும் தாங்குகிறார்கள்.

நவம்பரிலிருந்து சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறது இரும்பு.
உள்ளளவும் என்றால்,
இரும்பு உள்ள அளவும்.

அதனால் அக்டோபரிலேயே வரச் சொல்வேன்.
நீர் வடியும் துளைகளை முதலில் கம்பியால் குத்தித் திறப்பேன்
(சருகு, மணல், ஒருமுறை ஓர் எலிக்குஞ்சின் எலும்பு).
சுடவைத்த எண்ணெயைக் கதவடியில், சட்டத்தின் பொந்தில்,
தகடு தகட்டோடு மடியும் இடத்தில் பீச்சுவேன்.
பிரேக்கின் பக்கம் போகமாட்டேன்.
சொட்டச் சொட்ட அனுப்பும்போது சொல்வது ஒன்றுதான்:
நேரே வீட்டுக்குப் போகாதீர்கள்,
மண்சாலையில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள்,
புழுதி ஒட்டட்டும்.
யாரும் போவதில்லை. வாசலில் கறை என்று
மறுநாள் என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

இன்று மிரேய் வந்தாள். மருத்துவமனைக்குப் புதிதாக வந்த நர்ஸ்.
"பிளாசிட் லெஃபோரிடம் வாங்கினேன்,
அடியெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது பாருங்கள்."

இருந்தது. கருகருவென்று,
கடையில் தொங்கும் செருப்பைப் போல.
ரப்பர் பூச்சு. அதற்குள் சிக்கிய ஈரத்துக்கு
வெளியே வர வழி கிடையாது,
இருட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.
பூசி மெழுகுவது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினேன்.
நல்ல இரும்பு டிங் என்னும்.
இது 'ம்' என்றது.
அழுத்தினேன்.
கைப்பிடி வரை உள்ளே போனது.
கண்ணில், காலருக்குள், செந்தூள்.

"என்ன ஒடீல், ஏதாவது இருக்கிறதா?"

போன மே மாதம்.
நண்டு விலை விழுந்த வருஷம்.
பிளாசிட் எண்பது டாலரை மேஜையில் வைத்து
"கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதும்" என்றார்.
யாருடைய கண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை.
அந்தத் தூரிகை விறைத்துப்போய்
இன்னும் ஆணியில் தொங்குகிறது.

"கீழே இறங்கி வா," என்றேன்.
"தலைக்குத் துணி கட்டிக்கொள்."
ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்தேன்.
"நீயே குத்திப் பார்.
இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.
அங்கேதான் நான் தடிப்பாகப் பூசினேன்."