வரிசையில் முன்னால்

வால்பரைசோ சரிவில் எங்கள் வீட்டுக்கு
நூற்றுப் பதினான்கு படிகள்.
எண்ணியது நானல்ல, என் தம்பி ஃபெர்மீன்.
துறைமுகத்துப் பாரந்தூக்கியிலிருந்து விழுந்து,
மருத்துவமனை அவனைத் திருப்பித் தந்த அன்று
நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள்.
வேறெதையும் அசைக்க இயலாதவன்
உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வந்தான்.

ஒன்பது வருடம்.
அவன் நான்கு முறை இறங்கியிருக்கிறான்.
நான் தினமும் இரண்டு முறை,
ரொட்டிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று.
போய்வர இருபது நிமிடம்.
அதைத் தாண்டினால்
அவன் தொண்டையில் சளி கட்டிக்கொள்ளும்.

நகராட்சியிலிருந்து யசென்யா வந்தாள்,
மூச்சு வாங்க, படிகளைத் திட்டியபடி.
படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
எதுவுமில்லை என்று எழுதியிருந்தேன், பழக்கதோஷம்.
இரவில் எத்தனை முறை எழுவீர்கள்?
புரட்டிப் படுக்கவைக்க மூன்று.
சிறுநீர்ப் பையை மாற்ற ஒன்று.
சும்மா, மூச்சு வருகிறதா என்று பார்க்க...
அதையும் சேர்க்கலாமா?
சேர்க்கலாம் என்றாள்.
நான் எழுதியதை அடித்துவிட்டு
பராமரிப்பாளர் என்று அவளே எழுதினாள்.
கோழிக் கிறுக்கல்.
இரண்டு முறை வாசித்தேன்.

அட்டைக்கு முன்னால் வந்து சேர்ந்தது
ஒரு வழுக்குத்துணி.
நீல நைலான், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும்.
அவனடியில் விரித்து இழுத்தால்
எழுபத்தெட்டுக் கிலோவும்
ஈரப் பலகையில் மீன்போலப் புரள்கிறது.
இத்தனை வருடம் என் இடுப்பெலும்பு செய்த வேலை.
முதல் வருடமே யாராவது சொல்லியிருக்கலாம்.
அன்று எனக்கு நன்றி வரவில்லை.
துணியைக் கசக்கி மூலையில் எறிந்தேன்,
பிறகு போய் எடுத்துவந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில்
கால்பந்துக் குழுவின் கோப்பை அறையில்
எங்களைப்போல் பதினொரு பேர்.
யாரும் யாரையும் தெய்வம் என்பதில்லை, நல்லவேளை.
படுக்கைப்புண் மருந்து எந்தக் கடையில் மலிவு,
எந்த ஜன்னலில் இருப்பவள் முகம் பார்த்துப் பேசுவாள்,
மனு தள்ளுபடியானால் எத்தனை நாளுக்குள் மறுபடி போடவேண்டும்,
எல்லாம் ரொட்டிப் பையின் முதுகில் எழுதி வருகிறேன்.
பேருந்து ஓட்டிய ஓர்லாந்தோ
மனைவிக்கு உள்ளாடை வாங்கப் போன கதையைச் சொல்லி
எங்களைக் கண்ணீர் வரச் சிரிக்கவைத்தார்.
அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு மணிநேரம் தம்பியோடு எலியாசர்.
மேல்வீட்டுப் பையன், கூலி நகராட்சியுடையது.
இருவரும் சீட்டாடுகிறார்கள்.
என் சீட்டையும் அவனே பிடிக்கிறான்,
நான் எப்படி ஏமாற்றுவது என்று
ஃபெர்மீனுக்கு ஏக வருத்தம்.
படியேறி வரும்போதே அவன் சிரிப்பு கேட்டது.
நான் இல்லாத வீட்டில் அப்படிச் சிரிப்பானா.
கொஞ்சம் வலித்தது. சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் அட்டை வந்தது.
வங்கியில் முப்பது பேர் நின்றார்கள்.
காவலாளி அட்டையைப் பார்த்து
என்னை முன்னால் கொண்டுபோய் விட்டார்.
கைகால் நன்றாகத்தானே இருக்கிறது என்று
பின்னால் ஒரு குரல்.
இருக்கிறது, ஐயா.
இரண்டு பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

பதினொரு நிமிடம் மிச்சம்.
அறுபதாம் படியில் உட்கார்ந்தேன்.
ஒரு பீச் பழத்தை, யாருக்கும் மசிக்காமல்,
கொட்டை தெரியும்வரை தின்றேன்.
சாறு முழங்கைவரை ஒழுகியது.
கீழே ஒரு கப்பல் ஊதியது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.