காப்பிக் கோப்பைக்குள் பாட்டு

புதன்கிழமை ஜெபம் முடிந்துவிட்டது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
யாரும் எழுந்திருக்கவில்லை.
காரை இப்போதே கிளப்பி வைப்பது நல்லது என்று
கர்ட்டிஸ் மட்டும் இரண்டு முறை சொன்னார்,
சொல்லிவிட்டு உட்கார்ந்தேயிருந்தார்.

ஆலயத்தின் அடித்தளம். உறுமும் கொதிகலன்.
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கிறுக்கிய மேசையைச் சுற்றி
ஒன்பது பேர்.
மினாட்டுக்கு வடக்கே, இந்தக் கோதுமை வெளியில்,
ஒன்பது பேர் என்றால் அது கூட்டம்தான்.

"இந்த வாரம் என்ன அகப்பட்டது?"
என்றாள் மார்லிஸ்,
வலை வீசிவிட்டு வந்தவர்களைக் கேட்பதுபோல.

ஆரின் கைபேசியை மூக்கருகே பிடித்து வாசித்தார்.
யாரோ ஒரு தாதி எழுதியது.
இறந்தவர்களைக் குளிப்பாட்டும்போது
அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாளாம்:
இப்போது இடது கை,
இப்போது தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருக்கும்.
விதை வாங்கிய ரசீதை வாசிக்கும் அதே குரல் ஆரினுக்கு.
அதனால்தான் கேட்க முடிந்தது.
டுவெய்ன், மேசையில் ஒட்டியிருந்த மெழுகு வண்ணத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் பாட்டு கொண்டுவந்திருந்தாள்.
சத்தம் போதவில்லையென்று கைபேசியைக்
காலிக் காப்பிக் கோப்பைக்குள் நிறுத்தினாள்.
ஜார்ஜியாவில் ஒரு சமையலறை,
மூன்று பெண்கள், ஒரு சங்கீதம்.
எந்தச் சங்கீதம் என்று அவளுக்கும் தெரியாது.
நடுவில் நாய் குரைத்தது;
எங்களுக்குப் புரிந்தது அது மட்டும்தான்.
ஆனாலும் மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபோது
கோப்பை லேசாக நடுங்கியது.
நான் சர்க்கரை போடாமலே காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

போதகர் சுனிவா ஒப்புக்கொண்டார்:
"மன்னிப்பைப் பற்றி நீண்ட கட்டுரை.
பாதிதான் வாசித்தேன்.
பாதிவரை மன்னிக்கலாம் போலத்தான் இருந்தது."

பத்தொன்பது வயது ஆண்டர்ஸ் ஒரு காணொளி காட்டினான்.
கிறிஸ்துமஸ் குடிலில் நிஜ ஆடு;
பாலனின் வைக்கோலைத் தின்று தீர்த்து
ஞானி ஒருவரின் தாடிக்கு நகர்கிறது.
"அந்த ஆராதனைக்கு உண்மையிலேயே பசியோடு வந்தது
அது ஒன்றுதான்" என்றார் கர்ட்டிஸ்.

பிறகு டுவெய்ன் தொண்டையைச் செருமினார்.
நவம்பருக்குப் பிறகு அவர் வாய் திறந்து
நாங்கள் கேட்டதில்லை.

சோபாவின் அந்த மூலையிலிருந்து
இந்த மூலைக்கு அனுப்புவாளாம் ஆர்டிஸ்,
நாளுக்கு ஐந்தோ ஆறோ.
அப்புறம் பார்க்கிறேன் என்பாராம் இவர்.
"வாரத்துக்கு ஒன்றுதான் திறக்கிறேன்.
தீர்ந்துவிடக் கூடாதே.
இன்னும் முப்பத்தொன்று இருக்கிறது."

வாசித்தார், எழுத்துக் கூட்டாத குறையாக:
மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்து
யோனா ஒருவழியாய் வீடு வந்து சேர்ந்தானாம்.
மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாளாம்,
"ராத்திரிக்கு மீன் போதுமா?"

மார்லிஸ்தான் முதலில் வெடித்தாள்.
சுனிவா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
டுவெய்ன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
"என்ன? எனக்குப் புரியவில்லையே."

கர்ட்டிஸ் விளக்கினார். வாடையைச் சொன்னார்,
மூன்று பகல், மூன்று இரவு என்றார்,
அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அதுதான் என்றார்.
விளக்க விளக்கச் செத்துப்போனது சிரிப்பு.
டுவெய்ன் தலையாட்டினார்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

என் முறை வந்தது.
என்னிடம் ஒன்றுமில்லை; அடுத்த வாரம் என்றேன்.
கோப்பைகளைக் கழுவினோம்.
சுனிவா விளக்கை அணைத்தார்.

வெளியே எல்லாக் காரும் கிளம்பின,
கர்ட்டிஸின் காரைத் தவிர.
ஆண்டர்ஸ் கம்பி கொண்டுவர ஓடினான்.
மூச்செல்லாம் வெள்ளையாய் நிற்க
காத்திருந்தோம், கால் மாற்றிக் கால் மாற்றி.

அப்போதுதான் இருட்டில் ஒரு சத்தம்.
இருமல் என்று நினைத்துத் திரும்பினேன்.
டுவெய்ன், வேலியைப் பிடித்துக்கொண்டு,
தோள் குலுங்க,
"திரும்பிக்கூடப் பார்க்காமல்" என்றார்,
"திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டிருக்கிறாளே!"