இருபத்துநாலு கட்டம்

நிழலை அளக்க
மத்தகல்ப்பாவிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
பெயர் லிஸ்பெத். பூட்ஸ் புதுசு.
கையில் ஒரு வளைந்த கண்ணாடி,
அதில் கீறிய இருபத்துநாலு கட்டம்.

நான் அப்போது குவாமா மரத்தின் மேலே இருந்தேன்.
இடுப்பில் கயிறு, கயிற்றில் அரிவாள்.
கீழே பயார்தோ ஏணியைப் பிடித்திருந்தான்.
ஏழு வருஷம் முன்பு அவன் விழுந்ததிலிருந்து
ஏறுவது என் வேலை,
பிடித்துக்கொள்வது அவன் வேலை.
எந்தக் கிளை போனால்
எந்தக் காப்பிச் செடியின் தலையில்
எத்தனை மணி வெயில் விழும் என்று
கீழிருந்து கத்துவான்.
பாதி சமயம் தப்பாகச் சொல்வான்.
பாதி சமயம் நான் கேட்பதில்லை.
இரண்டு பாதியும் சேர்ந்ததுதான் இந்தத் தோட்டம்:
ஆடு நிற்கவே யோசிக்கும் சரிவு,
நவம்பர் வந்தால் பத்து மணி வரை மூடுபனி.

எதிர்ச் சரிவில் எவெலியோ எல்லா மரத்தையும் வெட்டினான்.
வங்கிக்காரர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு:
மரம் போனால் மூட்டை இரண்டு மடங்கு.
அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை.
மூன்று வருஷம் இரண்டு மடங்குதான்.
எவெலியோ வீட்டுக்குத் தளம் போட்டான்.
எங்கள் தகரத்தை மழை திட்டித் தீர்த்த இரவுகளில்
எந்த மரத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று
நானும் படுத்தபடி எண்ணியிருக்கிறேன்.
இதை லிஸ்பெத்திடம் சொல்லவில்லை.
அவள் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

நாலாம் வருஷம் அவன் செடிகள்
உரம் உரம் என்று அழத் தொடங்கின.
நுனியெல்லாம் கருகியது.
இன்றைக்கும் எங்களைவிட அதிகம் விற்கிறான்,
கடனும் எங்களைவிட அதிகம்.
யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள்.
அவன் மனைவி ஓர்லாந்தினாவும் நானும்
ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறோம்.
கொட்டை கழுவிய புளித்த நீரைக்
குழி வெட்டி அதில் விடச்சொல்லி
அவளோடு நான் போட்ட சண்டை
தனிக் கதை.

நிழலில் பழம் சோம்பேறி.
எதிர்ச் சரிவு சிவந்து மூன்று வாரம் கழித்துத்தான்
இங்கே ஒன்று அங்கே ஒன்றாகக் கன்னம் சிவக்கும்.
ஒரே செடிக்கு நாலு தடவை கூடையோடு போகவேண்டும்.
மகன் எலியேசருக்கு அந்தப் பொறுமை இல்லை.
கோஸ்டாரிக்காவில் யாருடைய பழத்தையோ பறிக்கிறான்,
அங்கே கூடைக்கு உடனே காசு.
போனில் கேட்கிறான், மரமெல்லாம் இருக்கா?
நான் இருக்கேனான்னு கேளுடா என்கிறேன்.
சிரிக்கிறான்.
சிக்னல் போகும்வரை சிரிக்கிறான்.

லிஸ்பெத் கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே ஏந்தினாள்.
வானம் அதற்குள் சுருண்டு விழுந்தது.
குவாமா, கிழிந்த வாழையிலை, காட்டு அவகாடோ,
வால் தொங்கத் தூங்கும் ஊளைக்குரங்கு.
உதடு அசைய எண்ணினாள்.
நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே போனால்
சான்றிதழ் இல்லை,
பவுண்டுக்குக் கூடக் கிடைக்கும் சில்லறையும் இல்லை.
காலையில் நான் வெட்டிய கிளைகள்
அவள் பூட்ஸைச் சுற்றிக் கிடந்தன.

முப்பத்தெட்டு என்றாள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

பயார்தோ என்னைப் பார்க்கவில்லை.
போதும் இறங்கு என்று அவன் கத்தியது
நான் கேட்காத பாதியில் சேர்த்தி.

இறங்கி வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.
என் தலை, வைக்கோல் தொப்பியோடு,
மூன்று கட்டத்தை அடைத்தது.
தோன்யா தாமாரிஸ், கொஞ்சம் நகருங்கள்,
உங்களையும் சேர்த்து எண்ணிவிடுவேன் என்றாள்.
எண்ணேன் என்றேன்.

சிரித்தாளே தவிர எண்ணவில்லை.
இன்னும் பதினோரு இடம் அளக்கவேண்டுமாம்.
மேலே போகப் போக மரம் அடர்த்தி என்று
நான் சொல்லவில்லை, முன்னால் நடந்தேன்.

பின்னால் பயார்தோ
வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து
செடிகளின் காலடியில் பரப்பிக்கொண்டிருந்தான்,
ஒரு வார்த்தை பேசாமல்,
எனக்கு நன்றாகக் கேட்கும்படி.