நான்கு டப்பா கடல்

விடிகாலை விளக்கைப் போட்டபோது
நைனா காக்காவின் குதிகால் கட்டின்மேல்
ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.
அவர் விழித்துத்தான் இருந்தார்.
"என்ன மேரி, அப்படிப் பார்க்கிறே?"

இடுப்புக்குக் கீழே அவருக்குச் சேதி போவதில்லை.
பதினெட்டுப் பாகத்தில் சங்கு பொறுக்கியவர்
ஒரே வேகத்தில் மேலே வந்த அன்று
கால்கள் மட்டும் அடியிலேயே நின்றுவிட்டன.

எறும்பு கடிப்பதை
கடிபடுகிறவருக்கு நான்தான் சொல்லவேண்டும்.
சொல்லவில்லை.
கழுவினேன், கட்டை மாற்றினேன்.
நோட்டில் எழுதினேன்:
புண் இரண்டு விரல் அகலம். சீழ் இல்லை.
எறும்பு, எண்ணவில்லை.

தடம் பிடித்துப் போனால்
கட்டில் கால், சுவர் வெடிப்பு, மறுபடி கட்டில்,
தலையணை உறைக்குள்
காகிதத்தில் மடித்த கீழக்கரைத் தொதல்.
சர்க்கரை இருநூற்று எண்பது உள்ள மனிதர்
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கொண்டுவந்து கொடுக்கும் மகள் ருகையா
கதவுக்குப் பின்னால்.

"ரூமைச் சாத்திட்டு ஸ்பிரே அடி மேரி" என்றார் லாத்தா.
எறும்பு எழுந்து ஓடும் லாத்தா,
காக்கா எழுந்து ஓடமாட்டார்.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தேன்.
நான்கு கால்களுக்கும் நான்கு பால்பவுடர் டப்பா,
டப்பா நிறையத் தண்ணீர்.
போர்வை நுனி தரையைத் தொட்டால்
அதுதான் பாம்பன் பாலம்,
ரயில் ரயிலாய் ஏறிவிடும்; செருகி வைத்தேன்.
ஐந்தாம் நாள் டப்பாவுக்குள் நெளிந்தன
கொசுப் புழுக்கள்.
ஒன்றைத் தடுக்கப் போய் ஒன்றை வளர்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கொட்டிக் கழுவி
பெரியபட்டினம் கரையிலிருந்து ஒரு வாளி,
ஒரு சிட்டிகை சோப்புத்தூள்.
வாளிச் சத்தம் கேட்டதும் அவர் கேட்பார்:
"வத்தமா, பெருக்கா?"
"பெருக்கு காக்கா."
"கலங்கலா?"
"கொஞ்சம்."
"அப்போ கச்சான் விழுந்திருச்சு" என்று
கண்ணை மூடிக்கொள்வார்.

பெருநாளுக்கு அவர் தம்பி வந்து போன பிறகு
முதுகில் மூன்று மூன்றாய்த் தடிப்பு.
மூட்டைப்பூச்சி.
"வாராவாரம் தங்கச்சிமடம் போய் வர்றது அந்தப் பைதானே?"
அடுப்படியில் லாத்தா யாரிடமோ சொன்னது
எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

பையை முற்றத்தில் கவிழ்த்தேன்.
இரண்டு நைட்டி, ஜெபமாலை, பற்பொடி,
மகனின் பழைய ஸ்கூல் ஐடி கார்டு.
ருகையா ஒவ்வொன்றாய் உதறினாள்,
விளையாட்டு என்று நினைத்து.
ஒன்றும் விழவில்லை.

பிறகு மெத்தைத் தையல், கட்டில் பொருத்து,
கடைசியாய் அலமாரிமேல்
கத்தார் சீட்டு உரியாத சூட்கேஸ்.
ஜிப் ஓரத்தில் மிளகுத்தூள் சிந்தினாற்போல்
குடும்பம் குடும்பமாய்.
யாரையும் கூப்பிடவில்லை.
கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி
மொட்டைமாடி வெயிலில் ஏழு நாள் வைத்தேன்.
மெத்தை உறைக்கும் துணிக்கும் கொதிநீர்,
கட்டில் பொருத்துக்குக் கெட்டில் மூக்கு.
மறுவாரம் இன்னொரு முறை. முட்டை பொரிக்கும், தெரியும்.

லாத்தா ஒன்றும் கேட்கவில்லை.
அன்று மத்தியானம் என் தட்டில்
பாறைமீனின் நடுத்துண்டு இருந்தது.

போன ஞாயிறு மகனுக்குக் காய்ச்சல்.
செவ்வாய்தான் திரும்பினேன்.
டப்பாக்கள் காய்ந்து
உள்ளே வெள்ளை உப்பு வளையம்.
மூன்றாவது காலில்
ஒரு சாண் உயரம் ஏறியிருந்தது கோடு.

"மேரி" என்றார், கூரையைப் பார்த்தபடி,
"ரெண்டு நாளா கடல் உள்வாங்கிக் கிடக்கு."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை,
வாளியை எடுத்தேன்.